இருபத்தைந்து சொல் பாட்டும் இரண்டு பானைகளும்

மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் ஒரு நாடு. அது எந்தக் காலம் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நானும் ஊகமாகச் சொல்ல மாட்டேன். அந்த நாட்டை விடங்கன் என்ற அரசன் ஆண்டான் என்பதும், அவன் அரண்மனைக்கு இருபத்தேழு படிகள் இருந்தன என்பதும் மட்டும் உறுதி. மற்றதைக் கேளுங்கள்.

விடங்கனுக்குப் பாட்டு என்றால் உயிர். உழவன் பாட்டுக் கொண்டுவந்தாலும் கேட்பான். வணிகன் கொண்டுவந்தாலும் கேட்பான். ஊர் பேர் தெரியாத வழிப்போக்கன் கொண்டுவந்தாலும் கேட்பான். ஆனால் கேட்ட உடனே பரிசு கொடுத்துவிட மாட்டான். அதற்கு அங்கே ஒரு முறை இருந்தது.

சபையின் நடுவில் இரண்டு பானைகள் இருக்கும். ஒன்று சுண்ணாம்பு பூசிய வெள்ளைப் பானை; அது குணப்பானை. மற்றது கரி பூசிய கறுப்புப் பானை, அது குற்றப்பானை. அரண்மனை உரைகாரர் பாட்டை மூன்று நாள் பிரித்துப் பொருள் சொல்வார். அவர் ஒரு குணம் சொன்னால் வெள்ளைப் பானையில் ஒரு புளியங்கொட்டை விழும். ஒரு குற்றம் சொன்னால் கறுப்புப் பானையில் ஒரு புளியங்கொட்டை விழும். மூன்றாம் நாள் மாலையில் எண்ணுவார்கள். வெள்ளையில் கூடுதலாக இருந்தால் பாட்டுக்காரர் வென்றவர். அரசனிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம். கறுப்பில் கூடுதலாக இருந்தால் உரைகாரர் வென்றவர். அவர் ஒன்று கேட்கலாம். பாட்டுக்காரர் வந்தபடியே திரும்பிப் போக வேண்டும். அந்த மூன்று நாளும், அரசன் கேட்டால் ஒழிய, பாட்டுக்காரர் வாய் திறக்கக் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதை மறந்தால் கதை விளங்காது. எது குணம், எது குற்றம் என்று எப்படிப் பிரிப்பது? அந்த நாட்டார் இப்படிப் பிரித்தார்கள்: தெரிந்து செய்தது குணம், தெரியாமல் செய்தது குற்றம். பாட்டில் ஒரு கோணல் இருக்கிறது. கோணலாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து அப்படிப் பாடியிருந்தால் அது குணம். நேராகப் பாட நினைத்துக் கோணிப் போயிருந்தால் அது குற்றம். அவ்வளவுதான்.

உரைகாரர் பெயர் வடுகநாதர். இருபத்தொரு வருடமாக அந்த இருக்கை அவருடையது. சபையில் அரசனுக்கு அடுத்த உயரத்தில் உட்காருவார். ஊர்வலம் போனால், அரசனின் பட்டங்களைக் கூவிக்கொண்டு நூறு பேர் போவார்கள். அந்த நூறு பேருக்கும் முன்னால் வெள்ளிப் பிரம்போடு நடந்து, முதல் பட்டத்தைக் கூவுகிறவர் அவர்தான். நல்ல படிப்பு, நல்ல குரல். அவர் உரை சொல்லி முடிக்கும்போதெல்லாம் அரசன் "நன்று" என்பான். ஒரு முறை என்பான். இருபத்தொரு வருடத்தில் ஒரு நாளாவது, "அதை இன்னொரு முறை சொல்லும்" என்று அவரிடம் கேட்டதில்லை. வடுகநாதர் அதை எண்ணி வைத்திருந்தார். வெளியே சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சாத்தி என்ற உப்பு வண்டிக்காரி இருபத்தேழு படியும் ஏறி வந்தாள்.

அவள் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு வண்டிகள் போவதற்கு மருத மரம் நிழல் கொடுக்கும் பழைய வழி ஒன்று இருந்தது. போன வருடம் அரசனின் ஊர்வலம் அதில் போயிற்று. நிழல் நன்றாக இருக்கிறதே என்று அரசன் ஒரு சொல் சொன்னான். உடனே அதிகாரிகள் இரண்டு பக்கமும் மூங்கில் தடுப்புப் போட்டு, இனி இது அரசவழி என்று மூடிவிட்டார்கள். உப்பு வண்டிகள் மலையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஏற்றம் தாங்காமல் ஒரு வருடத்தில் பதினோரு மாடுகள் செத்தன. அதில் ஒன்று சாத்தியின் மாடு. அவளிடம் மீதி இருந்தது ஒன்று. அதுவும் முன்னங்கால் வீங்கி நின்றது. வழியைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நேரே போய்க் கேட்டால் காவலன் விட மாட்டான். பாட்டு கொண்டுவந்தால் விடுவான்.

ஆகவே அவள் பாட்டு கொண்டுவந்தாள். எழுதத் தெரியாது, வாயால் சொன்னாள். இதுதான் அது:

கொடி முரசு குடை களிறு கூவுவோர் கூட்டம் எல்லாம் போயின இவ்வழி;
களிற்றின் கால் பதிந்த குழியில் நிறைந்தது மழை நீர்;
அதில் குளித்துப் போனது ஒரு குருவி;
மாலையில் மண் காய்ந்தது;
வழி.

அவ்வளவுதான். மொத்தம் இருபத்தைந்து சொற்கள். சபையில் சிலர் இன்னும் இருக்கிறது என்று காத்திருந்தார்கள். அவள் கைகூப்பி நின்றுவிட்டாள்.

அரசன் இருக்கையில் முன்னால் சாய்ந்து, "அம்மா, அதை இன்னொரு முறை சொல்லு" என்றான்.

சொன்னாள்.

"இன்னொரு முறை."

சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு முறை."

மூன்றாவது முறை அவள் "வழி" என்று முடித்தபோது, வடுகநாதரின் விரல்கள் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்தன. மூன்று முறை. ஒரு உப்பு வண்டிக்காரியிடம் மூன்று முறை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சபையில் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். அது எவ்வளவு நல்ல பாட்டு என்பது முதலில் தெரிந்தது வடுகநாதருக்குத்தான். மற்றவர்களுக்குப் பாதிதான் தெரிந்தது, அரசனுக்கு முக்கால்வாசி. அவருக்கு முழுவதும் தெரிந்தது. அதனால்தான் அப்படி எரிந்தது. தெரியாதவனுக்கு அந்த எரிச்சல் வராது.

அவர் வீட்டுக்குப் போனார். மனைவி பெரியநாச்சி இலை போட்டுச் சோறு வைத்தாள். அவர் கையை நனைத்ததோடு சரி.

"வைத்தது வைத்தபடி இருக்கிறது" என்றாள் பெரியநாச்சி. "சபையில் விருந்தா?"

"ஒரு உப்புக்காரி வந்தாள். என்னமோ சொன்னாள். பாட்டாம்."

"நன்றாக இருந்ததா?"

"அது பாட்டே இல்லை. முதல் வரி மாட்டு வால் போல நீளம், கடைசி வரி ஆட்டு வால்."

"பாட்டே இல்லாததையா இவ்வளவு நேரம் வாய்க்குள் முணுமுணுக்கிறீர்கள்? குருவி குளித்தது, மண் காய்ந்தது என்று நான்கு முறை ஆயிற்று. குழம்பும் காய்ந்துவிட்டது."

வடுகநாதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாம் முணுமுணுத்தது அவருக்கே தெரியாது. இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

முதல் நாள் வந்தது. பானைகளைக் காக்கிறவன் இடும்பன். அறுபது வயது இருக்கும். புளியங்கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான். சாத்தி ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள். உப்பு அரித்து வெடித்த விரல்களைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள்.

அன்று வடுகநாதர் அவளை அறியாதவள் ஆக்கினார்.

"வரிகள் சமமாக இல்லை. ஒன்பது சொல், ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று. அளவு தெரியாமல் செய்தது." கறுப்பில் ஒன்று.

"அரசனைப் பற்றிய பாட்டில் அரசனின் பெயர் இல்லை. மரியாதை தெரியாமல் செய்தது." கறுப்பில் இரண்டு.

"யானையைச் சொன்ன வாயால் குருவியைச் சொல்கிறாள். தகுதி தெரியாமல் செய்தது." கறுப்பில் மூன்று.

வெற்றியைப் பாடவில்லை என்றார். உவமை ஒன்று கூட இல்லை என்றார். சேற்றுக் குழி சபைக்கு ஆகாது என்றார். முதல் வரியின் கடைசிச் சொல்லே பாட்டின் கடைசிச் சொல்லாகவும் வருகிறது, வேறு சொல் கிடைக்கவில்லை என்றார். கடைசி வரி முடியாமலே நிற்கிறது என்றார். எல்லாம் சேர்ந்து கறுப்பில் எட்டு. வெள்ளையில் ஒன்றும் இல்லை.

"ஐயா, இப்படியே போனால் நாளைக்கு வறுத்துத் தின்ன ஆகும்" என்றான் இடும்பன், பானையைக் குலுக்கிப் பார்த்து. சபை சிரித்தது.

அங்கேயே அவர் நிறுத்தியிருக்கலாம். எட்டுக்கு ஒன்றும் இல்லை என்றால் வெற்றிதான். அவள் போய்விடுவாள், யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் சபை கலையும்போது அரசன் எழுந்து நடந்தான். நடக்கும்போது வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே போனான். வடுகநாதர் காது கொடுத்தார். "அதில் குளித்துப் போனது ஒரு குருவி" என்று போய்க்கொண்டிருந்தான்.

எட்டுக் குற்றம் சொன்ன பிறகும் அரசன் வாயில் அவள் பாட்டு. தாம் சொன்ன எட்டில் ஒன்று கூட அந்த வாயில் இல்லை.

அவளைத் திருப்பி அனுப்பினால் போதாது என்று அன்று அவருக்குத் தோன்றிற்று. அவள் பாட்டு நாட்டில் இருக்கக் கூடாது. அதைச் சொல்கிற வாய் இருக்கக் கூடாது. அவளும் இருக்கக் கூடாது. எல்லைக்கு அப்பால் துரத்த வேண்டும் என்றால் அறியாமை போதாது, துரோகம் வேண்டும்.

இரண்டாம் நாள் அவர் எழுந்த வேகத்தில் மேலாடை தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"அரசே, நேற்று இவளை அறியாதவள் என்றேன். ஏமாந்துவிட்டேன். இவள் எல்லாம் அறிந்தவள். வரிகள் ஏன் குறைகின்றன என்று பாருங்கள். ஊர்வலம் நம் முன்னால் போகும்போது ஒலி பெரிதாக இருக்கிறது. தூரம் போகப் போகக் குறைகிறது. ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று. கடைசியில் ஒரே ஒரு சொல். கேட்கிறவன் காதிலேயே அரசின் ஆரவாரத்தைத் தேய வைக்கிறாள். இது தெரிந்து செய்தது."

இடும்பன் தலையைச் சொறிந்தான். "நேற்று இதே வரிக் கணக்குக்குத்தானே கறுப்பில் ஒன்று போடச் சொன்னீர்கள், ஐயா? நேற்றுத் தெரியாதவள், இன்று தெரிந்தவளா? இந்த அம்மாள் அந்த மூலையை விட்டு அசையக்கூட இல்லையே."

"எடு அதை. எடுத்து வெள்ளையில் போடு. பானையைப் பற்றி யாருக்குக் கவலை? இங்கே நடப்பது துரோகம்."

இடும்பன் ஒரு விதையை எடுத்து மாற்றிப் போட்டான்.

"அரசனின் பெயர் ஏன் இல்லை? குடை இருக்கிறது. குடைக்குக் கீழே யார் என்று சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு அரசனோடு முடிந்துவிடும். சொல்லாமல் விட்டதால், இதுவரை குடை பிடித்தவர், இனிப் பிடிக்கப் போகிறவர், எல்லாரும் அதன் கீழே வந்து நிற்கிறார்கள். தெரிந்து செய்தது."

இன்னொரு விதை மாறியது.

"குருவி ஏன் வருகிறது? யாருடைய யானை, எந்தப் போரில் வென்றது என்று அதற்குத் தெரியாது. குழியில் நீர் இருந்தது, குளித்தது, போயிற்று. அரசின் கனம் எல்லாம் சேர்ந்து ஒரு குருவிக்குக் குளிக்கிற அளவு பள்ளம் தோண்டியது. இதற்கு மேல் என்ன இகழ்ச்சி வேண்டும்? தெரிந்து செய்தது."

மூன்றாவது விதையும் மாறியது. கறுப்பில் ஐந்து, வெள்ளையில் மூன்று.

இருபத்தொரு வருடத்தில் வடுகநாதர் இவ்வளவு நன்றாக உரை சொன்னதில்லை. முன்பெல்லாம் அவர் பாட்டைப் பற்றிச் சொல்வார். அன்று பாட்டுக்குள்ளே போய் நின்று சொன்னார். பொறாமை அவர் கண்ணை அவ்வளவு கூர்மையாக்கியிருந்தது. நேற்றுச் சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது சாத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். சாத்தி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வண்டியில் இருக்கிற உப்பு இவ்வளவு வெண்மையா என்று வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டவள் போல இருந்தது அவள் பார்வை.

மூன்றாம் நாள் சபை நிறைந்து, படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

"இன்று புதிதாக இரண்டு" என்றார் வடுகநாதர். "முதலாவது, முரசின் அடி. க, கா, கு, கூ, கொ என்று தொடங்குகிற சொற்களை எண்ணுங்கள். முதல் வரியில் கொடி, குடை, களிறு, கூவுவோர், கூட்டம். ஐந்து அடி. இரண்டாம் வரியில் களிற்றின், கால், குழியில். மூன்று அடி. மூன்றாம் வரியில் இரண்டு. நான்காம் வரியில் ஒன்று. ஐந்தாம் வரியில் இல்லை. முரசு என்று ஒரு முறைதான் சொன்னாள். ஆனால் பாட்டு முழுக்க அதை அடித்து, மெல்ல மெல்ல நிறுத்துகிறாள்."

படியில் இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். நீங்களும் எண்ணிப் பாருங்கள். சரியாக வரும்.

"இரண்டாவது, பொழுது. அரசுகள் அழிய ஆயிரம் வருடம் ஆகும் என்று பாடியிருந்தால் யாருக்கும் வலிக்காது. இவள் ஒரே ஒரு மாலைப் பொழுது என்கிறாள். முதல் வரியில் ஐந்து போகின்றன. அடுத்த வரிக்குள் கொடி இல்லை. முரசு இல்லை. குடை இல்லை. களிறு மட்டும் வருகிறது, அதுவும் முழுக் களிறு இல்லை, கால் பதிந்த குழி. மாலையில் அந்தக் குழியும் காய்ந்துவிடுகிறது. மிச்சம் வழி. அரசே, உங்கள் ஆட்சி சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் என்று உங்கள் முகத்துக்கு நேரே மூன்று முறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். தாங்களே கேட்டு வாங்கினீர்கள்."

வெள்ளையில் இரண்டு விதை விழுந்தது. இப்போது கறுப்பில் ஐந்து, வெள்ளையில் ஐந்து.

அரசன் கேட்டான்: "உரைகாரரே, அவள் சொன்னது பொய்யா?"

வடுகநாதர் வாயைத் திறந்தார். மூடினார்.

"என் தாத்தாவின் யானை எது என்று எனக்குத் தெரியாது" என்றான் அரசன். "அது எங்கே மிதித்தது என்றும் தெரியாது. என்னை வைதிருந்தால் தண்டிப்பேன். மழை பெய்தது, மண் காய்ந்தது என்கிறாள். இதற்கு யாரைத் தண்டிக்க? மழையையா? துரோகம் என்ற பேச்சு இத்தோடு விடும். பானைக்கு வாரும்."

அப்போதுதான் வடுகநாதர் பானைகளைப் பார்த்தார். துரோகம் போய்விட்டது. துரோகத்துக்காக அவர் வெள்ளையில் போட வைத்த ஐந்தும் போகாமல் அங்கேயே இருந்தன. தெரிந்து செய்தாள் என்று நிரூபிக்க நிரூபிக்க, அவளை உயர்த்தியிருக்கிறார். இருபத்தொரு வருடம் அந்த முறையைக் காத்த மனிதர், அந்த முறையையே மறந்திருக்கிறார்.

"ஐந்துக்கு ஐந்து" என்றான் இடும்பன். "மீதி ஒரே ஒரு விதை இருக்கிறது, ஐயா. மடியில் ஓட்டை விழுந்து மற்றது கொட்டிவிட்டது."

"அந்த ஒன்றுக்கு நான் கேட்கிறேன்" என்றான் அரசன். "முதல் வரியில் ஐந்து போகின்றன என்றீர். நான் எண்ணினேன். கொடி போனதைச் சொன்னீர். முரசு, குடை போனதைச் சொன்னீர். களிறு குழியானதைச் சொன்னீர். நான்குதான் ஆயிற்று. ஐந்தாவதை விட்டுவிட்டீரே. கூவுவோர் கூட்டம் என்ன ஆயிற்று?"

சபை முழுவதும் வடுகநாதரைப் பார்த்தது. கூவுவோருக்கு முன்னால் நடக்கிறவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"யானைக்கு ஒரு குழியாவது இருக்கிறது" என்றான் அரசன். "அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இதை அவள் தெரிந்து விட்டாளா, தெரியாமல் விட்டாளா? சொல்லிவிட்டு விதையை நீரே போடும்."

இடும்பன் விதையை அவர் உள்ளங்கையில் வைத்தான்.

பாட்டிலேயே மிக நுட்பமான இடம் அதுதான் என்று வடுகநாதருக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது. யானை மண்ணில் தடம் விடும். குரல் எதில் தடம் விடும்? மூன்று நாள் துருவிய கண்ணுக்கு இது மட்டும் எப்படித் தப்பியது? தப்பவில்லை, அவர் கண்ணே அதன் பக்கம் போக மறுத்திருக்கிறது. "தெரிந்து விட்டாள்" என்று சொன்னால் அவள் வெல்வாள். தம்மைப் போன்றவர்களுக்கு ஒரு குழி கூட மிஞ்சாது என்பதையும் தாமே சொன்னதாகும். இந்த உப்புக்காரிக்கு இதுவுமா தெரிந்திருக்கிறது? நெஞ்சு அப்படி எரிந்தது.

"தெரியாமல் விட்டாள்" என்றார். விதையைக் கறுப்பில் போட்டார்.

கறுப்பில் ஆறு. வெள்ளையில் ஐந்து.

அரசன் சாத்தி பக்கம் திரும்பினான். "அம்மா, இப்போது நீ பேசலாம். அவர் சொல்வது சரியா?"

எல்லாருக்கும் தெரியும்: "தெரிந்துதான் விட்டேன்" என்று அவள் சொன்னால் விதை மாறிவிடும். அவள் மனதுக்குள் இருந்ததை யாரால் எட்டிப் பார்க்க முடியும்? ஒரு சொல் சொன்னால் வழி திறக்கும். வீங்கிய காலோடு படிக்குக் கீழே அவள் மாடு நின்றுகொண்டிருந்தது.

சாத்தி யோசித்தாள். சற்று அதிக நேரமே யோசித்தாள்.

"அவர் சொல்வது சரிதான், அரசே" என்றாள். "கொடியை வேண்டும் என்றே விட்டேன். முரசை வேண்டும் என்றே விட்டேன். குடையை வேண்டும் என்றே விட்டேன். கூவுகிறவர்களை மறந்தே போனேன்."

சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. இடும்பன் மட்டும் குனிந்து பானைக்குள் எதையோ தேடினான்.

"சரி" என்றான் அரசன். "முறைப்படி உரைகாரர் வென்றார். அவளால் எதுவும் கேட்க முடியாது. வடுகநாதரே, நீர் ஒன்று கேட்கலாம். என்ன வேண்டும்?"

பொன் கேட்பார் என்று சிலர் நினைத்தார்கள். ஊர் கேட்பார் என்று சிலர் நினைத்தார்கள். அவளைத் துரத்தச் சொல்வார் என்று சிலர் நினைத்தார்கள். அவரும் அதைத்தான் கேட்க நினைத்தார். ஆனால் இருபத்தொரு வருடமாக உள்ளே கிடந்தது முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"அரசே, நான் சொன்னதில் ஏதாவது ஒன்றை, இன்னொரு முறை சொல்லும்படி என்னைக் கேளுங்கள்."

அரசன் அவரை வெகுநேரம் பார்த்தான். அந்தக் குரலில் பிச்சை கேட்கிற மாதிரி ஏதோ இருந்தது.

"கேட்டேன்" என்றான் மெதுவாக. "உமக்கு எது பிடித்ததோ அதைச் சொல்லும். இன்னொரு முறை."

வடுகநாதர் தேடினார். முதல் நாள் சொன்ன எட்டும் ஞாபகத்தில் இருந்தன, எல்லாம் பொய். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சொன்னவை ஞாபகத்தில் இருந்தன. எல்லாம் மெய், ஆனால் அவை அவளுடையவை. தம்முடையது என்று இரண்டாவது முறை சொல்லத் தகுந்தது ஒன்றும் கைக்கு வரவில்லை. சபை காத்திருந்தது. அவர் வாய் தானாகத் திறந்தது.

"கொடி முரசு குடை களிறு கூவுவோர் கூட்டம் எல்லாம் போயின இவ்வழி" என்றது அவர் குரல்.

நல்ல குரல் என்று முன்பே சொன்னேன். அன்று அது இன்னும் நன்றாக இருந்தது. மழை நிறைந்தது. குருவி குளித்தது. மண் காய்ந்தது. "வழி" என்று அவர் முடித்தபோது மூன்று நாளில் முதல் முறையாக அரசனின் முகம் மாறியது. உப்பு வண்டிக்காரி சொன்ன 'இவ்வழி', போன வருடம் தான் நிழலைப் புகழ்ந்த பிறகு அடைபட்டுக் கிடக்கிற வழிதான் என்று அவனுக்கு எட்டிற்று.

"அந்த மருத மரத்து வழியை மூடியது யார்?" என்று கேட்டான்.

"தங்கள் பெயரால் மூடினோம், அரசே" என்றார் ஓர் அதிகாரி.

"என் ஊர்வலம் போய் ஒரு வருடம் ஆயிற்று. இன்னும் யாருக்காக மூடி வைத்திருக்கிறீர்கள்?"

அரசன் சாத்தி பக்கம் கை காட்டினான்.

"தோற்றவள் கேட்கக் கூடாது என்றுதான் முறை. கேட்காமல் நான் கொடுக்கக் கூடாது என்று முறை இல்லை. இன்று மாலைக்குள் தடுப்பைப் பிரியுங்கள்."

சாத்தி தரையில் விழுந்து வணங்கினாள். அரசனை ஒரு முறை வணங்கினாள். பானைகளை ஒரு முறை வணங்கினாள். பிறகு வடுகநாதரிடம் வந்தாள்.

"ஐயா, அந்த முரசு அடியை நான் எண்ணினதே இல்லை. வண்டியில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், எது காதுக்குச் சரியாக இருந்ததோ அதை வைத்தேன். நீங்கள் சொன்ன பிறகுதான் பாட்டு எனக்கே விளங்கிற்று" என்று சொல்லி, அவர் காலையும் தொட்டு வணங்கினாள்.

அவள் படி இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகும் வடுகநாதர் ஒன்பது வருடம் அந்த இருக்கையில் இருந்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அரண்மனைச் சுவருக்கு வெளியே உப்பு வண்டிகள் போகும்போது வண்டிக்காரர்கள் அந்த இருபத்தைந்து சொல்லையும் பாடிக்கொண்டு போவார்கள். ஒரு வரியும் தவறாது, ஒரு சொல்லும் கூடாது, குறையாது. வடுகநாதர் எழுந்து சன்னலைச் சாத்துவார். சாத்திவிட்டுத் திரும்பும்போது அவர் உதடு அசைந்துகொண்டிருக்கும்.

பிறருடைய திறமையைப் பொறுக்காதவன், வென்ற நாளிலும் அந்தத் திறமையைத் தன் வாயாலேயே சொல்லித் தீர வேண்டியிருக்கும் என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.